ககாரின் பார்த்த பூமிக்கு ஒரு போட்டோ கூட இல்ல

ரொம்ப வருஷம் எனக்கு ஒரு விஷயம் தெரியாமலே இருந்துச்சு. 1961 ஏப்ரல் 12-ம் தேதி யூரி ககாரின் வோஸ்டாக் கப்பல்ல பூமியை ஒரு சுத்து சுத்திட்டு வந்தாருன்னு ஸ்கூல்லயே படிச்சிருக்கோம், ஆனா அன்னைக்கு ஜன்னல் வழியா அவர் பார்த்த பூமிக்கு ஒரே ஒரு போட்டோ கூட கிடையாது, ஒரு அடி பிலிம் கூட கிடையாது. அவர் கைல கேமராவே குடுக்கல. கப்பலுக்குள்ள இருந்தது டிவி கேமராதான், அதுவும் அவர் முகத்தைப் பார்த்து வெச்சது, மனுஷன் மயங்கிட்டாரா முழிச்சிருக்காரான்னு கீழ இருக்கிறவங்க தெரிஞ்சுக்கறதுக்கு. அந்தக் காலத்து சோவியத் டிவி ஒரு படத்துக்கு 625 கோடுன்னா இது வெறும் 100 கோடு, நொடிக்கு 10 படம். நாம இன்னைக்குப் பாக்கற அந்த மங்கலான, ஆடி ஆடி வர்ற ஹெல்மெட் முகம் அதுதான். வெளியே பூமியைப் பார்த்து முதல்முதலா ஒரு மனுஷன் கைல கேமரா பிடிச்சு சினிமா எடுத்தது ககாரினுக்கு அடுத்து போன சோவியத் வீரர், கெர்மன் டிட்டோவ், அதே வருஷம் ஆகஸ்ட் 6-ம் தேதி. நடுவுல நாலு மாசம்.

அப்போ ககாரினோட பயணத்தை எப்படிப் படமா காட்டறது? இதுதான் இந்தக் கட்டுரையோட கேள்வி. விண்வெளிப் பயணத்தோட ஆரம்ப நாட்களைப் பத்தி எத்தனையோ படம் வந்திருக்கு, டாகுமெண்டரி, ஃபீச்சர் ஃபிலிம் ரெண்டுமே. எல்லாத்துக்கும் அடியில ஒரே பிரச்சினைதான் இருக்கு. நடந்ததுல பாதிக்கு படம் இல்ல, இருக்கிற படத்துல பாதி மறைச்சு எடுத்தது. அந்த ஓட்டையை எதை வெச்சு அடைக்கறாங்கங்கறதுலதான் ஒரு நல்ல நினைவுப் படத்துக்கும் ஆளுக்கு அநியாயம் பண்ற படத்துக்கும் வித்தியாசம் வருதுன்னு நான் நினைக்கிறேன்.

எனக்குப் பிடிச்சதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். 2011-ல, ககாரின் பயணத்தோட 50-வது வருஷத்துக்கு, கிறிஸ்டோபர் ரைலிங்கற பிரிட்டிஷ் டைரக்டர் ஃபர்ஸ்ட் ஆர்பிட்னு ஒரு படம் எடுத்தாரு. சரியா ஏப்ரல் 12-ம் தேதி யூட்யூப்ல இலவசமா விட்டாங்க. யோசனை என்னன்னா, ககாரினோட படம் இல்ல சரி, ஆனா அவர் குரல் இருக்கு. ரேடியோல பேசினது, கப்பல்ல இருந்த டேப் ரெக்கார்டர்ல பேசினது, ரெண்டும் இருக்கு. அந்தக் குரலை அப்படியே வெச்சுக்கிட்டு, அவர் போன பாதையில, அவர் போன அதே நேரத்து வெயில்ல, பூமி எப்படித் தெரிஞ்சிருக்கும்னு இன்னைக்கு மேல இருக்கிற ஒருத்தர் எடுத்துக் குடுத்தா என்ன?

மேல இருந்த அந்த ஒருத்தர் பாவ்லோ நெஸ்போலி, இத்தாலிக்காரர், ஐரோப்பிய ஸ்பேஸ் ஏஜென்ஸியோட வீரர். 2010 டிசம்பர்ல இருந்து 2011 மே வரைக்கும் ஐஎஸ்எஸ்ல, அதாவது சர்வதேச விண்வெளி நிலையத்துல இருந்தாரு. ஐஎஸ்எஸ்ல குபோலான்னு ஏழு ஜன்னல் வெச்ச ஒரு கூண்டு இருக்கு, பூமியைப் பார்த்து தொங்குற மாதிரி, அதை மாட்டினதே 2010 பிப்ரவரியிலதான், அதனால இந்தப் படத்தை ரெண்டு வருஷம் முன்னாடி எடுக்கணும்னு நினைச்சிருந்தா இந்த மாதிரி ஒரு இடமே கிடைச்சிருக்காது.

கேக்கறதுக்கு சுலபமா இருக்கும், ஐஎஸ்எஸ்தான் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 16 சுத்து சுத்துதே, ஒரு சுத்தைப் படம் பிடிச்சா முடிஞ்சதுன்னு. அப்படி இல்ல. ஐஎஸ்எஸ் சுத்திட்டு வர்றதுக்குள்ள கீழ பூமியும் திரும்பிடுது, அதனால ஒவ்வொரு சுத்துலயும் வேற வேற ஊருக்கு மேல போகுது. பாதை ஒத்துவந்தா நேரம் ஒத்துவராது, ககாரின் காலைல கடந்த இடத்தை ஐஎஸ்எஸ் நடுராத்திரியில கடக்கும். ரெண்டும் ஓரளவு சேர்ந்து வர்ற நாளுக்கு காத்திருக்கணும், அந்த நேரத்துல நெஸ்போலிக்கு வேற வேலை இருக்கக்கூடாது. இன்னொரு சிக்கல், வோஸ்டாக் பாதை பூமத்திய ரேகைக்கு கிட்டத்தட்ட 65 டிகிரி சாய்வு, ஐஎஸ்எஸ் 51.6 டிகிரிதான். ககாரின் போன அளவுக்கு வடக்கே ஐஎஸ்எஸ் போகவே போகாது. முடிஞ்ச வரைக்கும் நெருக்கமா எடுத்தாங்க, இதை அவங்க மறைக்கவும் இல்ல. படத்துக்குப் பின்னணி இசை பிலிப் ஷெப்பர்டு.

படம் கிட்டத்தட்ட நிஜ நேரத்துலயே ஓடும், அவசர அவசரமா வெட்டிக் காட்டறது கிடையாது. பாக்கறதுக்கு முன்னாடி அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா அந்தக் குரல் வேற மாதிரி கேக்கும்.

ககாரினுக்கு அப்போ 27 வயசு. கப்பல்ல ஏத்தி கதவை மூடினதும், கதவு சரியா மூடலன்னு ஒரு சிக்னல். 30 நட்டையும் கழட்டி, திரும்ப மூடி, திரும்ப முறுக்கினாங்க. உள்ள இருந்தவர் பொறுமையா இருந்தாரு, பாட்டு போடுங்கன்னு கேட்டாரு. ரேடியோல அவருக்குப் பேரு கேதர், தேவதாரு மாதிரி ஒரு மரத்தோட பேரு. கீழ இருந்தவங்களுக்கு ஸார்யா, விடியல். கீழ இருந்து பேசினவங்கள்ல முக்கியமானவர் செர்கெய் கொரோலெவ், அந்த ராக்கெட்டையும் கப்பலையும் உருவாக்கின தலைமை டிசைனர். கிளம்பறதுக்கு முன்னாடி கொரோலெவ் ஒரு அம்மா மாதிரி சாப்பாட்டுக் கணக்கு சொல்றாரு, ட்யூப்ல மதியச் சாப்பாடு இருக்கு, ராத்திரிக்கு இருக்கு, காலைக்கு இருக்கு, சாசேஜ் இருக்கு, டீக்கு ஜாம் இருக்குன்னு. ஒரே ஒரு சுத்து போற ஆளுக்கு எதுக்கு இவ்வளவு? ஏன்னா திரும்பி வர்றதுக்கு போடற பிரேக் இஞ்சின் ஒண்ணே ஒண்ணுதான், அது எரியலன்னா காத்தோட உராய்வுலயே கப்பல் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வர்ற வரைக்கும் அவர் மேலயே இருந்தாகணும், அதுக்காக பத்து நாள் சாப்பாடு வெச்சிருந்தாங்க. அந்த சாசேஜ் பேச்சுக்குள்ள இவ்வளவு பயம் ஒளிஞ்சிருக்கு. இது தெரிஞ்சப்புறம் அந்த உரையாடலைக் கேக்கறப்ப எனக்கு தொண்டை அடைச்சுக்கும்.

மாஸ்கோ நேரம் காலைல 9:07. ராக்கெட் கிளம்பறப்ப ககாரின் ரஷ்ய மொழியில "பொயேகலி"ன்னாரு. இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு நிறைய பேர் யோசிச்சிருக்காங்க, கிளம்பினோம், புறப்பட்டோம்னெல்லாம் எழுதறாங்க, என்னைக் கேட்டா நம்ம பஸ் கண்டக்டர் சொல்ற "போலாம் ரைட்"தான் அதுக்கு ரொம்பக் கிட்ட வருது. வண்டி நகர்ற அந்த நொடியில வாயில தானா வர்ற சொல்லு அது.

மேல போகப் போக அவர் சொல்றது எல்லாமே பார்வை பத்திதான். பூமி தெரியுது, நல்லாத் தெரியுது. அப்புறம் சின்னச் சின்ன மேகங்களைப் பத்திச் சொல்றாரு, அந்த மேகத்தோட நிழல் கீழ தரையில விழுந்து கிடக்கறதைச் சொல்றாரு, அழகு, என்ன அழகுங்கறாரு. மேக நிழல். நாம வயல்ல நிக்கறப்ப ஒரு நிழல் நம்மளைக் கடந்து போகுமே, அதை மேல இருந்து, அவ்வளவு உயரத்துல இருந்து முதல் தடவையா ஒரு மனுஷன் பார்த்து வாய்விட்டுச் சொல்றான். ஃபர்ஸ்ட் ஆர்பிட்ல இந்தக் குரலைக் கேட்டுக்கிட்டு திரையில மேகத்தைத் தேடினீங்கன்னா ஒவ்வொரு பஞ்சுக்கும் பக்கத்துல ஒரு கருப்புத் திட்டு ஒட்டிக்கிட்டு போறது தெரியும். 50 வருஷம் கழிச்சு எடுத்த மேகம்தான், ஆனா அவர் சொன்னது அப்படியே இருக்கு. படத்துல என் மனசுல நின்ன இடம் இதுதான்.

சைபீரியாவைத் தாண்டி பசிபிக் மேல போனதும் கீழே பேச ஆளே இல்லாத மாதிரி ஆயிடுது. பக்கத்து தூர ரேடியோ எட்டாது, ஷார்ட்வேவ் சரியா கேக்கல. ஹவாய்க்கு வடமேற்கே இருட்டுக்குள்ள போறாரு, தென் அமெரிக்காவோட தெக்கு முனையைக் கடந்து, தெற்கு அட்லாண்டிக் மேல சூரியன் திரும்ப வருது. நடுவுல பென்சில் எங்கயோ மிதந்து போயிடுச்சு, குறிப்பு எழுத முடியல, பேசியே பதிவு பண்றாரு, அப்புறம் டேப்பும் தீர்ந்து போகுது, சுத்தி வெச்சு திரும்பப் பேசறாரு. உலகத்துல வேற எந்த மனுஷனும் போகாத இடத்துல ஒருத்தர் பென்சில் இல்லாம டேப்பை சுத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. அவர் இன்னும் மேல இருக்கிறப்பவே மாஸ்கோ ரேடியோ செய்தியை அறிவிச்சிடுச்சு, கிளம்பறப்ப சீனியர் லெப்டினென்ட்டா இருந்தவரை அந்த அறிவிப்புல மேஜர்னு சொன்னாங்க.

படத்துல இந்த மௌனம் அப்படியே இருக்கு, இசையும் ஓடற பூமியும் மட்டும்தான். சிலருக்கு இங்க போரடிக்கும், தெரியும். ஆனா அந்த மௌனத்தை வெட்டியிருந்தா அவர் எவ்வளவு தனியா இருந்தாருங்கறது நமக்குப் புரிஞ்சிருக்காது.

பயங்கரமான பகுதி இதுக்கு அப்புறம்தான், அதுக்கும் படம் கிடையாது. ஆப்பிரிக்கா பக்கம் வர்றப்ப பிரேக் இஞ்சின் எரிஞ்சுது, அடுத்த சில நொடியில ககாரின் இருக்கிற உருண்டையும் பின்னாடி இருக்கிற கருவிப் பகுதியும் பிரியணும். பிரியல. ஒரு வயர் கட்டு ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கப்பல் பத்து நிமிஷம் போல பம்பரமா சுத்துச்சு, கடைசியில சூட்டுல வயர் அறுந்து தனியா வந்துச்சு. மறுநாள் அரசாங்கக் கமிஷன் முன்னாடி அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்ச வாக்குமூலம்: சோவியத் யூனியனுக்கு இன்னும் ஆறாயிரம் கிலோமீட்டர் இருக்கும், சோவியத் யூனியனே எட்டாயிரம் கிலோமீட்டர் நீளம் இருக்கும், தூரக் கிழக்குக்கு முன்னாடி எங்கயாவது இறங்கிடுவேன், எதுக்கு கலவரம் பண்ணணும்னு கணக்குப் போட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சிக்னல் குடுத்தாராம். 7 கிலோமீட்டர் உயரத்துல இருக்கையோட வெளியே தூக்கி எறியப்பட்டு, தனிப் பாராசூட்ல சரடோவ் பக்கத்துல வயல்வெளியில இறங்கினாரு.

இப்ப கேள்வி வரும், சோவியத்துல அப்பவே படம் எடுத்தாங்களே அதெல்லாம் என்னன்னு. எடுத்தாங்க, நிறைய எடுத்தாங்க. விளாடிமிர் சுவோரோவ்னு ஒரு கேமராமேன், அறிவியல் படம் எடுக்கிற ஸ்டுடியோக்காரர், அவரும் அவர் குழுவும் ரகசியமா ஏவுதளத்துக்கே போய் எடுத்ததுதான் நாம இன்னைக்கு ககாரின் படம்னு பாக்கற கலர் காட்சிகள்ல நிறைய. தப்பு அவங்க மேல இல்ல. எடுத்ததை எல்லாம் காட்ட விடல. தனிப் பாராசூட்ல இறங்கினதைச் சொல்லக்கூடாது, ஏன்னா கப்பலுக்குள்ளயே இருந்து தரையிறங்கினாத்தான் சர்வதேச சாதனையா ஒத்துக்குவாங்கன்னு விதி இருந்துச்சு. ராக்கெட் எப்படி இருக்கும்னு காட்டக்கூடாது, அது வெளி உலகத்துக்குத் தெரிஞ்சதே 1967 பாரிஸ் விமானக் கண்காட்சியிலதான். ஏவுதளத்துக்கு பைக்கோனூர்னு பேர் சொன்னாங்க, உண்மையான இடம் தியுராதாம், பைக்கோனூர்ங்கற ஊரு அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர். எல்லாத்துக்கும் மேல கொரோலெவ். அவர் பேரையே சொல்லக்கூடாது, முகத்தைக் காட்டக்கூடாது, தலைமை டிசைனர்னு மட்டும்தான் சொல்லணும். 1966 ஜனவரியில அவர் இறந்தப்புறம்தான் இவர்தான் அவருன்னு சொந்த நாட்டு ஜனங்களுக்கே தெரிஞ்சுது. 1972-ல அவர் வாழ்க்கையை வெச்சு சோவியத்துல ஒரு பெரிய ஃபீச்சர் ஃபிலிம் வந்தப்பக்கூட ஹீரோவுக்கு பாஷ்கிர்த்செவ்னு கற்பனைப் பேர்தான். ஸ்டாலின் காலத்துல சிறையிலயும் சைபீரிய முகாம்லயும் கிடந்து உடம்பு கெட்டுப் போய் வந்து இவ்வளவு பண்ணின மனுஷன், அவருக்குத் திரையில சொந்தப் பேர் கூட கிடைக்கலங்கறது என்னால ஆத்திரப்படாம எழுத முடியாத விஷயம்.

அதனாலதான் ஃபர்ஸ்ட் ஆர்பிட்ல கொரோலெவோட குரல் வர்றது முக்கியம். 1961-ல படத்துல மறைச்ச ஆளு 2011-ல சாசேஜ் இருக்கு ஜாம் இருக்குன்னு பேசறது நம்ம காதுல விழுது.

அமெரிக்கா பக்கம் நிலைமை நேர் எதிர். ஆலன் ஷெப்பர்டு 1961 மே 5-ம் தேதி 15 நிமிஷம் மேல போய் வந்தப்ப ஏவுறதை லைவ்ல டிவில காட்டினாங்க. 1962 பிப்ரவரி 20-ம் தேதி ஜான் க்ளென் மூணு சுத்து சுத்தினாரு, அவர் கைல கேமராவும் இருந்துச்சு, ஃபுளோரிடாவுல கோகோ பீச்ல ஒரு மருந்துக் கடையில வாங்கின ஆன்ஸ்கோ கேமரா, அதுல கையுறை போட்டுக்கிட்டு அமுக்கற மாதிரி பிடி வெச்சு மாத்திக் குடுத்தாங்க. படமெல்லாம் இருந்துச்சு, மறைக்கல, அப்போ பிரச்சினை இல்லைன்னுதானே தோணும்? ஆனா இங்க ஓட்டை வேற இடத்துல இருந்துச்சு, கேமரா இல்லாத கப்பல் மூலையில, கணக்குப் போடற ரூம்ல.

கஸ் க்ரிஸம்ங்கற அமெரிக்க விண்வெளி வீரரோட கதையை எடுத்துக்கோங்க. 1961 ஜூலை 21, கப்பல் பேரு லிபர்டி பெல் 7. போய்ட்டு வந்து கடல்ல இறங்கியாச்சு, ஹெலிகாப்டர் வந்துக்கிட்டு இருக்கு, திடீர்னு கதவு வெடிச்சுத் திறந்துடுச்சு. தண்ணி உள்ள வந்து கப்பல் மூழ்கிடுச்சு, அவரும் கிட்டத்தட்ட மூழ்கிட்டாரு. நான் தொடலன்னு அவர் சொன்னாரு. விசாரணையிலயும் அவர் மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் வாலி ஷிர்ராங்கற இன்னொரு அமெரிக்க வீரர் தன் பயணம் முடிஞ்சு வேணும்னே கதவு பட்டனை அடிச்சுத் திறந்தாரு, அது திருப்பி உதைச்சதுல கையில காயம் பட்டுச்சு. க்ரிஸம் கையில அப்படி ஒரு காயமும் இல்ல. 1967 ஜனவரி 27-ம் தேதி அப்பல்லோ 1 தீ விபத்துல க்ரிஸமும் கூட இருந்த ரெண்டு பேரும் இறந்தாங்க, இந்தத் தடவை கதவைத் திறக்க முடியாம.

1983-ல தி ரைட் ஸ்டஃப் வந்துச்சு, பிலிப் காஃப்மன் டைரக்ஷன், நாலு ஆஸ்கர் வாங்கின படம், அமெரிக்காவோட முதல் மனித விண்வெளித் திட்டமான மெர்குரி காலத்தைப் பத்தி எடுத்ததுல ரொம்பப் பேர் போனது. ஒலி, எடிட்டிங் எல்லாம் அபாரம், நான் பல தடவை பார்த்திருக்கேன். ஆனா அந்தக் கப்பலுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு படம் கிடையாது இல்லையா, அந்த ஓட்டையை க்ரிஸம் பதறிட்டாருங்கற மாதிரியான காட்சியை வெச்சு அடைச்சாங்க. படம் பார்த்த கோடிக்கணக்கான பேருக்கு அதுதான் வரலாறு. அவர் செத்து 16 வருஷம், பதில் சொல்ல ஆள் இல்ல, குடும்பம்தான் அதைச் சுமந்துச்சு. 1999-ல அட்லாண்டிக்ல நாலரை கிலோமீட்டருக்கும் மேல ஆழத்துல இருந்து அந்தக் கப்பலைத் தூக்கினாங்க, அவர் தப்பு பண்ணினதுக்கு அதுல ஆதாரம் எதுவும் கிடைக்கல. 2021-ல மீட்புக் காட்சியோட பழைய பிலிமை எடுத்து கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு படமா சுத்தம் பண்ணிப் பார்த்து, ஹெலிகாப்டர்ல சேர்ந்த நிலைமின்சாரம்தான் கதவோட வெடிமருந்தைத் தூண்டியிருக்கலாம்னு ஒரு விளக்கத்தை முன்வெச்சாங்க. ஒரு படம் போட்ட பழியை இன்னொரு பழைய பிலிம் துடைக்க உதவுதுங்கறது எனக்கு ஆறுதலா இருக்கு, ஆனா க்ரிஸம் இதைப் பாக்க இல்லையே.

ஹிட்டன் ஃபிகர்ஸ் 2016-ல வந்தது. இங்க ஓட்டை வேற, படத்துல வராமலே போன ஆட்கள். நாசாவோட லாங்லி ஆராய்ச்சி மையத்துல கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்கள், அதுல கேத்தரின் ஜான்சன். புது கம்ப்யூட்டர் போட்ட கணக்கை அந்தப் பொண்ணு கையால சரிபார்க்கட்டும், அவங்க சரின்னா நான் தயார்னு க்ளென் கேட்டது உண்மை. படத்துல இது ஏவறதுக்குக் கடைசி நேரத்துல நடக்குது, ஓடி ஓடிக் கணக்கு பாக்கறாங்க. நிஜத்துல அது முன்னாடியே நடந்துடுச்சு, ஒண்ணரை நாள் உக்காந்து பொறுமையா மெஷின்ல தட்டித் தட்டிப் பார்த்தாங்க. இந்த மாத்தத்தை நான் பெரிய தப்பா சொல்லமாட்டேன், யார் மேலயும் பொய்ப் பழி விழல, மறைஞ்சு கிடந்த பேரு வெளிய வந்துச்சு. ஆனா அந்த ஒண்ணரை நாள் பொறுமையைத் திரையில பாக்கணும்னு எனக்கு ஆசை இருக்கு.

சோவியத் வீரர் அலெக்ஸி லியோனோவை விட்டுட்டுப் போக மனசு வரல. 1965 மார்ச் 18, கப்பலுக்கு வெளிய முதல்ல மிதந்தவர், 12 நிமிஷம். வெளிய ஊதின பலூன் மாதிரி உடை விறைச்சுப் போய் உள்ள வர முடியாம, வால்வைத் திறந்து காத்தை இறக்கிட்டு நுழைஞ்சாரு. அதுக்குப் படம் இருக்கு. ஆனா உள்ள வந்ததும் அவர் என்ன பண்ணினாரு தெரியுமா, கலர் பென்சில் எடுத்து சூரிய உதயத்தை வரைஞ்சாரு. ஒவ்வொரு பென்சிலையும் நூல்ல கட்டி மணிக்கட்டுல மாட்டியிருந்தாரு, ககாரினோட பென்சில் மாதிரி மிதந்து போயிடக்கூடாதுல்ல. விண்வெளியில மனுஷன் வரைஞ்ச முதல் ஓவியம். அந்தக் காலத்து பிலிம்ல சரியா வராத கலர் வரிசையை அவர் கண்ணு பார்த்து கை போட்டுச்சு.

ககாரின் 1968 மார்ச் 27-ம் தேதி பயிற்சி விமான விபத்துல இறந்துட்டாரு, 34 வயசு, ரெண்டாவது தடவை மேல போகவே இல்ல. 2011 ஏப்ரல்ல ஐநா சபை ஏப்ரல் 12-ஐ மனித விண்வெளிப் பயணத்துக்கான சர்வதேச நாளா அறிவிச்சுது, அதே வாரத்துலதான் ஃபர்ஸ்ட் ஆர்பிட்டும் வந்துச்சு, அன்னைக்கு நெஸ்போலி இன்னும் மேலதான் இருந்தாரு.

பாக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மாஸ்கோ 9:07-ன்னா நம்ம ஊரு நேரத்துக்கு காலைல 11:37. ஏப்ரல் 12 அன்னைக்கு அந்த நேரத்துக்கு சப்டைட்டிலோட போட்டுட்டு, ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காருங்க, ஃபோனைத் தள்ளி வெச்சுடுங்க. பன்னண்டே கால் தாண்டறப்ப பசிபிக் இருட்டுல குரல் எதுவும் வராது, பேச ஆளில்லாத அந்த இருட்டுலதான் அவர் அப்போ போய்க்கிட்டு இருந்தாரு. ஒண்ணு இருபத்தஞ்சுக்கு சரடோவ் வயல்ல ஒரு பாட்டியும் பேத்தியும் ஆரஞ்சு உடை போட்ட ஒருத்தரைப் பார்த்து பயந்து பின்னாடி நகர்றாங்க, அவர் நான் உங்க ஆளுதான்னு சொல்லிட்டு, மாஸ்கோவுக்கு ஃபோன் பண்ண எங்க போகணும்னு கேக்கறாரு.